தலையெழுத்தும் விண்ணப்பத் தாளும்

நம் நாட்டுத் தமிழ் மக்களிடையே விசித்திரமானதொரு வழக்கம் வேரூன்றி நிற்கிறது. பிள்ளை பரீட்சையில் நன்கு தேறி வந்தால் அது பெற்றோர் செய்த புண்ணியம் என்பர். அதே பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாமற் போனால் அது பிள்ளையின் தலையெழுத்து என்பர். அந்தப் புண்ணியத்துக்கும் இந்தத் தலையெழுத்துக்கும் இடையில் விண்ணப்பத் தாள் என ஒன்று இருக்கிறது என்பதையும், அதனை நிரப்ப அறிவும் காலமும் துணையும் வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பதினேழு வயதுப் பிள்ளையை அத்தாளின் முன் தனியே நிறுத்திவிட்டு, முடிவு வந்த பின் குடும்பமே கூடியிருந்து அழுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இப்பழக்கத்தைக் கண்டிக்கவே இதனை எழுதுகிறோம்.

நாம் எங்கிருந்து வந்தோம் என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென்று துரைமார்களுக்கு விதித்தது. அவர்களும் வைத்தார்கள். கொட்டகை ஒன்று, வாத்தியார் ஒருவர், எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவு கல்வி. பால்மரக் காட்டை விட்டுப் பிள்ளை வெளியேறிவிடாதிருக்க அவ்வளவு கல்வி போதுமென்பது அவர்கள் கணக்கு. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பொதுவாக ஒரு பல்கலைக்கழகம் 1949 அக்டோபரில் தோன்றியபோது, தோட்டத்துத் தமிழனுக்கு அது காதில் விழுந்த செய்தியேயன்றிக் கண்ணில் கண்ட வாயில் அன்று. இன்று மலேசியாவில் மட்டும் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் உண்டு. சிங்கப்பூரில் 6 உண்டு. வாயில்கள் பெருகின. வாயிலைத் தேடிச் சென்று தட்டும் அறிவு நம்மிடையே அதே அளவில் பெருகியதா? அதுதான் நம் கேள்வி.

"வாயில் இருந்தென்ன, நமக்குத் திறப்பதில்லையே!" என்று சிலர் குமுறுவது நமக்குத் தெரியும். அக்குமுறலில் நியாயம் உண்டு. 2002ஆம் ஆண்டு முதல் தகுதியே அளவுகோல் என்று சர்க்கார் அறிவித்தது. ஆயினும் ஓராண்டில் முடியும் மெட்ரிகுலேஷனும், அதனினும் நீண்டு கடினமான பரீட்சையில் முடியும் ஆறாம் படிவமும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. மெட்ரிகுலேஷன் இடங்களோ நூற்றுக்குத் தொண்ணூறு பூமிபுத்திரருக்கு என்று ஒதுக்கப்பட்டவை. எஸ்.டி.பி.எம். பரீட்சையில் முழுப் புள்ளி பெற்றும் கேட்ட துறை கிடையாமல் நின்ற மாணவரின் கதையை ஆண்டு தோறும் பத்திரிகைகளில் படிக்கிறோம். இவ்வநீதியை எதிர்த்துப் பேசுவது நம் உரிமை, பேசாதிருப்பது கோழைத்தனம். 2024 ஜூன் மாத இறுதியில், எஸ்.பி.எம். பரீட்சையில் 10 ஏ பெற்றவர் எவ்வினத்தவராயினும் மெட்ரிகுலேஷன் இடம் பெறுவர் என்று பிரதமர் அறிவித்தாரே, அது பல ஆண்டுகள் இடைவிடாது கேட்டதன் பயன் அன்றோ?

ஆயின், நாம் கேட்கிறோம்: விண்ணப்பமே போடாத பிள்ளைக்கு அவ்வறிவிப்பால் என்ன பயன்? மெட்ரிகுலேஷனுக்கு ஒரு விண்ணப்பம், யூ.பி.யூ.வுக்கு வேறொரு விண்ணப்பம் என்பதை அறியாத வீடுகள் எத்தனை? முடிவு சாதகமாக இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம் என்பதும், அதற்குரிய நாட்கள் மிகச் சில என்பதும், அந்நாட்கள் கழிந்த பின்னரே பல வீடுகளில் தெரிய வருகின்றன. மூடிய கதவை உடைக்கப் போராடுவது ஒரு கடமை. திறந்த கதவின் முன் வழி தெரியாமல் நிற்பதற்கோ எவரையும் குறை கூற இயலாது. அது முழுக்க முழுக்க நம் குற்றம்.

விண்ணப்ப முறையைச் சற்றே பார்ப்போம். யூ.பி.யூ. விண்ணப்பத்தில் மாணவர் 12 தெரிவுகள் வரை வரிசைப்படுத்தலாம். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி நிபந்தனைகள் உண்டு. முந்திய ஆண்டுகளில் எந்த அளவு தகுதிப் புள்ளி பெற்றோர் அத்துறைக்குச் சென்றனர் என்பதை அறிய வழியும் உண்டு. இவற்றையெல்லாம் நிதானமாகப் படித்து, எட்டுமோ எட்டாதோ எனும் ஆசைகள் சில, தன் புள்ளிக்குப் பொருந்துவன சில, உறுதியாகக் கிடைக்கக்கூடியன சில என்று படி வைத்து ஏறுவதே அறிவுடைமை. நம்மவர் செய்வது யாது? முதல் தெரிவு வைத்தியம், இரண்டாவது வேறோர் ஊரில் வைத்தியம், மூன்றாவது பல் வைத்தியம், நான்காவது மருந்தியல். எஞ்சியவை கடைசி இரவில், கண்ணுக்குப் பட்டதெல்லாம். அதன்பின் விரும்பாத துறையில், போக நினையாத ஊரில் இடம் வந்தால், "நம் பிள்ளையை வஞ்சித்துவிட்டார்கள்" என்ற கூக்குரல்! வஞ்சனை நடந்த இடமும் உண்டு. ஆனால் இங்கே வஞ்சித்தது நம் அவசரம்.

மற்றொன்று. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடித்தோரின் தகுதிப் புள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பரீட்சைக்கும், பத்து புறப்பாட நடவடிக்கைக்கும் உரியவை. ஒரு புள்ளிக்கும் கீழான வித்தியாசம் இடத்தைத் தீர்மானிக்கும் போட்டியில் பத்துப் புள்ளி என்பது மலை. நம் வீடுகளிலோ, "பந்து உதைத்தால் சோறு வருமா? சாரணர் கூட்டத்துக்குப் போனால் சம்பளம் தருவார்களா?" என்று பிள்ளையைத் தடுப்பதே பெற்றோர் கடமை எனக் கருதப்படுகிறது. அன்றியும், வைத்தியம், ஆசிரியப் பயிற்சி முதலிய துறைகளுக்கு நேர்முகத் தேர்வு உண்டு. பெரியோர் முன் வாய் திறவாதே, எதிர்த்துக் கேளாதே, சொன்னதைச் செய் என்று பதினேழு ஆண்டு அடக்கி வளர்த்த பிள்ளை, மூவர் அமர்ந்த மேசைக்கு முன் சென்று, "இத்துறையை ஏன் விரும்புகிறாய்?" என்ற கேள்விக்கு எங்ஙனம் விடை கூறும்? அது உண்மையில் விரும்பியதா என்று அதன் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லையே!

கேட்க வேண்டியதைப் பிள்ளையிடம் கேளாதவர், ஜோதிடரிடம் கேட்கிறார்கள். எந்தத் துறை ஏற்றம் தரும், எந்தத் திசையிலுள்ள கலாசாலை உகந்தது என்று சாதகத்தைப் புரட்டுகிறார்கள். பரீட்சைக்கு முன் பேனாவையும் பென்சிலையும் கோயிலில் வைத்துப் பூசை செய்கிறார்கள். பக்தி அவரவர் மனத்தைச் சேர்ந்தது. அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் கலைமகள் எவ்வளவு கருணை உடையவளாயினும், யூ.பி.யூ. அகப்பக்கத்தைத் திறந்து, விவரங்களைச் சரிபார்த்து, இறுதி நாளுக்கு முன் விண்ணப்பத்தை அனுப்பி வைக்கமாட்டாள். அவ்வேலையை மனிதர்தாம் செய்தாக வேண்டும். அர்ச்சனைக்குச் சீட்டு வாங்கும் அரை மணி நேரத்தில் வழிகாட்டியை நான்கு பக்கம் படித்துவிடலாம்.

வைத்தியப் பித்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். டாக்டர் என்ற பட்டம் பிள்ளைக்கு வேண்டுமா, பெற்றோரின் கல்யாணப் பத்திரிகைக்கு வேண்டுமா என்பது பல குடும்பங்களில் விளங்கவில்லை. உள்நாட்டில் இடம் கிடையாதபோது, "வெளிநாட்டில் ஏற்பாடு செய்து தருகிறோம்" என்று சொல்லும் தரகர் வருகிறார். வீடு அடகு போகிறது; தாலிக்கொடியும் போகிறது. அந்தக் கலாசாலையின் பட்டம் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றதா என்று கேட்டவர் எத்தனை பேர்? அதில் இல்லாத பட்டத்தோடு திரும்பினால் வேறு தகுதிப் பரீட்சை எழுத வேண்டும் என்பதைத் தரகர் சொல்வாரா? 2016 இறுதி முதல் புதிய டாக்டர்கள் ஒப்பந்த முறையிலேயே அரசாங்க வேலைக்கு எடுக்கப்பட்டார்கள் என்பதையும், டாக்டராகிவிட்டால் ஆயுள் முழுதும் உத்தியோகம் என்ற பழைய கணக்கு ஆட்டங்கண்டுவிட்டது என்பதையும் அவர் சொல்லப் போவதில்லை. வைத்தியம் உயர்ந்த தொழில். அதனை விரும்பும் பிள்ளை படிக்கட்டும். விரும்பாத பிள்ளையை அதில் தள்ளுவது கல்வியன்று, பலி.

கையருகே இருக்கும் ஆறாம் படிவத்தையோ நம்மவர் இழிவாகக் கருதுகிறார்கள். அரசாங்கப் பள்ளியில், மிகக் குறைந்த செலவில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் ஒரு தகுதியைப் பெறலாம். "அது கஷ்டம், காலமும் அதிகம்" என்று சொல்லிவிட்டு, பெயர்ப்பலகையின் பளபளப்பை நம்பித் தனியார் கல்லூரியில் கடனோடு சேர்கிறார்கள். அங்கே நல்லவை இல்லாமலில்லை. ஆனால் சேருமுன் அந்தப் படிப்பு மலேசியத் தகுதி ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியது பிள்ளை என்பதையும், முதல் வகுப்பில் தேறினால் விலக்குக் கேட்கலாம் என்பதையும் கையெழுத்திடும் முன்னரே பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயம் நம்மைத் தலைகுனிய வைக்கிறது. பரீட்சையில் முன்னிற்கும் பெண்ணுக்குக் கோத்தா கினபாலுவிலோ, பெர்லிஸிலோ, திரங்கானுவிலோ இடம் கிடைக்கிறது. "அவ்வளவு தூரம் பெண்ணை அனுப்புவதா?" என்று வீட்டில் பஞ்சாயத்து நடக்கிறது. இப்பஞ்சாயத்தில் அமர்ந்திருப்பவர்கள் யாருடைய பேரப்பிள்ளைகள்? நாகப்பட்டினத்தில் கப்பலேறி, முன்பின் காணாத பினாங்குத் துறையில் இறங்கி, காட்டை அழித்து நாட்டை ஆக்கிய பெண்களின் பேரப்பிள்ளைகள்! ரஜுலா கப்பலின் அடித்தட்டில் வங்கக் கடலைக் கடந்த கிழவியின் பேத்தி, ஆகாய விமானத்தில் இரண்டரை மணி நேரம் சென்று படிக்கக் கூடாதாம். இதை மானம் என்கிறார்கள். நாம் இதை மடமை என்கிறோம்.

சிங்கப்பூரில் வழி வேறு. நோயும் சற்றே வேறு. அங்கே விவரம் அறியாமை குறைவு. ஒப்பீட்டு வெறி அதிகம். பிள்ளைகளின் சுமையைத் தணிக்கவே, 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் ஏ லெவல் மாணவரின் பல்கலைக்கழகப் புள்ளிக் கணக்கு 90இலிருந்து 70ஆகக் குறைக்கப்பட்டது. அரசாங்கம் இறக்கி வைத்த சுமையை, அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டி மறுபடியும் தூக்கி வைப்பவர் பெற்றோர்.

அடுத்த வீட்டுப் பிள்ளை! இரு நாடுகளிலும் நம் பிள்ளைகளின் நெஞ்சைத் துளைக்கும் சொல் இதுவே. பரீட்சை முடிவு வெளிவரும் அன்று உறவினர் அனைவரும் தொலைபேசியில் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை ஏ?" ஆரம்பப் பள்ளியின் யு.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021இலும், மூன்றாம் படிவத்தின் பி.டி.3 பரீட்சை 2022இலும் நீக்கப்பட்டன. ஆகவே இவ்வாண்டுகளில் எஸ்.பி.எம். எழுதுவோரிற் பலருக்கு அதுவே முதற் பெரும் பரீட்சை. இடையில் பிள்ளையின் நிலை என்னவென்று ஒரு நாளும் விசாரியாத குடும்பம், முடிவு நாளன்று நீதிபதியாக அமர்கிறது. ஏழும் எட்டும் ஏ வாங்கிய பிள்ளை குற்றவாளி போல் தலைகவிழ்ந்து நிற்கிறது. இதுவா துணை? துணை என்பது பிள்ளையின் ஆசையைக் கேட்பது; அதன் புள்ளியை மறைக்காமல் பேசுவது; பன்னிரண்டு தெரிவுகளையும் அதன் அருகில் அமர்ந்து ஆராய்வது; இறுதி முடிவை அதன் கையில் விடுவது; இடம் கிடையாத நாளிலும், "வேறு வழி உண்டு, நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்வது. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, அங்கிருந்து பட்டப் படிப்புக்குச் செல்வோரும் உண்டு. ஒரு கடிதத்தில் வாழ்வு முடிந்துவிடுவதில்லை.

"நாங்கள் படியாதவர்கள், கணினியும் தெரியாது, மலாய்ச் சொற்களும் விளங்கா. நாங்கள் என் செய்வோம்?" என்று தோட்டத்துத் தாயொருத்தி கேட்கலாம். அந்தத் தாயின் மீது நமக்குக் குறையில்லை. அவள் பிள்ளைக்கு அமைதியான இரவையும், சுடாத சொல்லையும் கொடுத்தால் போதும். தன் பங்கை நிறைவாகச் செய்தவளாவாள். எஞ்சிய பங்கு சமூகத்தினுடையது. நம் குற்றச்சாட்டு படித்தவர் மீதே. பல்கலைக்கழகத்திலிருந்து பட்டத்தோடு வந்து, தன் ஊர்ப் பிள்ளைக்கு வழி சொல்லாதவர் மீது. கோபுரத்துக்கு வண்ணம் தீட்ட நன்கொடை திரட்டி, மண்டபத்தில் ஒரு கணினி வைக்க மனமில்லாத நிர்வாகிகள் மீது. பத்து ஏ வாங்கியவருக்கு மாலை சூட்டிப் படமெடுத்துக்கொண்டு, ஐந்து ஏ வாங்கியவரை ஏறெடுத்தும் பாராத சங்கங்கள் மீது!

முன்னாளில் தோட்டத்து வாத்தியார், ஊருக்குக் கடிதம் எழுதத் தெரியாதவர்க்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்த காலத்தில், கோ. சாரங்கபாணியாரின் "தமிழ் எங்கள் உயிர்" நிதிக்குத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். தாங்கள் ஒரு நாளும் நுழையப் போகாத கட்டடத்தின் நூல் நிலையத்துக்காகக் கொடுத்தார்கள். அவர்கள் வழித்தோன்றல்களாகிய நம்மிடம் பணங்கூடக் கேட்கவில்லை. சில மாலைப் பொழுதுகளைத்தான் கேட்கிறோம்.

ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும், கோயில் மண்டபத்திலும், படிப்பகத்திலும், பரீட்சை முடிவு வெளிவரும் வாரங்களில் ஒரு மேசை போடுங்கள். அதன் பின்னால், சென்ற ஆண்டு அவ்வழியே போன மாணவர் இருவரை அமர்த்துங்கள். இறுதி நாட்களைப் பலகையில் எழுதி வையுங்கள். வரும் பிள்ளையிடம் எத்தனை ஏ என்று கேளாமல், என்ன படிக்க விரும்புகிறாய் என்று கேளுங்கள். இதைச் செய்த பின்னும் நம் பிள்ளைகளுக்கு இடம் மறுக்கப்படுமாயின், அப்போது நாம் எழுப்பும் குரலுக்கு இன்றுள்ளதைவிடப் பன்மடங்கு வலிமை இருக்கும். எங்கள் பக்கம் குறையில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அதைச் செய்யாதவரை, தலையெழுத்தைப் பற்றிப் பேச நமக்கு அருகதை இல்லை.