நடுகல் வாசிப்பும் பழைய கணினிகளும்: சரிபார்க்கும் வாய்ப்பைக் காத்தல் குறித்து ஒரு கருத்துரை

தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி வட்டத்திலுள்ள புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியல் ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்றில் இடம்பெறும் 'ஆகோள்' என்னும் சொல், தொல்காப்பியப் புறத்திணையியலின் வெட்சித் துறைக்குக் கல்லில் கிடைத்த சான்றாயிற்று. அதே மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சின்னமனூர், பாண்டியர் செப்பேடுகளால் பெயர்பெற்றது. இத்தகைய நிலப்பகுதியில் களஆய்வு செய்வோர் எந்தக் கருவியைக் கொண்டு எழுத்தைப் பதிவு செய்கின்றனர், அப்பதிவைப் பிறர் எவ்வாறு சரிபார்க்க இயலும் என்பவை தமிழாய்வின் அடிப்படை வினாக்கள் ஆகும்.

மைப்படி எடுக்கும் முறையில் இவ்வினாவுக்கு எளிய விடை இருந்தது. தாளும் மையும் பயிற்சியும் உடைய எவரும் கல்லிடம் சென்று, முன்னவர் வாசிப்பை ஒப்புநோக்க முடிந்தது. இன்று முப்பரிமாணப் பதிவுமுறை பரவி வருகிறது. ஒரே கல்லைப் பல கோணங்களில் நூற்றுக்கணக்கான ஒளிப்படங்களாக எடுத்து, அவற்றின் பொதுப்புள்ளிகளை மென்பொருள் வழியே பொருத்தி, கல்லின் மேற்பரப்பை மீட்டமைப்பது இம்முறை. தேய்ந்த எழுத்துகளைப் பல திசை ஒளியில் திருப்பிப் பார்க்க இது பெரிதும் உதவுகிறது. ஆயின் ஒவ்வொரு படத்திலும் புள்ளிதோறும் ஆழத்தைக் கணக்கிட வேண்டியிருப்பதால் கணிப்புச் சுமை மிகுதி. ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே வேளையில் செய்யும் இணைக்கணிப்பு இதற்குத் தேவைப்படுகிறது. அப்பணியைப் பெரும்பாலும் வரைகலை அட்டையே ஏற்கிறது. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

கட்டற்ற மென்பொருள்களான மெஷ்ரூம், கோல்மேப் ஆகிய இரண்டும் செறிவான மேற்பரப்பை உருவாக்கும் கட்டத்தில் என்விடியா நிறுவனத்தின் கியூடா என்னும் இணைக்கணிப்புத் தளத்தை வேண்டுகின்றன. கியூடா இயங்குவதற்கு வரைகலை அட்டையின் தலைமுறை, அதன் இயக்கி மென்பொருள், கியூடா பதிப்பு, ஆய்வு மென்பொருள் தொகுக்கப்பட்ட முறை ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று பிறழினும் பணி நின்றுவிடும். அட்டை பழுதின்றி இருந்தும், கணினித் திரையில் படம் தெளிவாகத் தெரிந்தும், கணிப்பு மட்டும் நிகழாது.

அட்டைகள் எவ்வளவு விரைவில் கைவிடப்படுகின்றன என்பதற்கு ஒரு சான்று போதும். ஆழ்கற்றல் துறையின் திருப்புமுனையாகக் கருதப்படும் அலெக்ஸ்நெட், 2012இல் இரண்டு ஜிடிஎக்ஸ் 580 அட்டைகளில் பயிற்றப்பட்டது. அவ்வட்டையின் தலைமுறையை 2017இல் வெளிவந்த கியூடா 9 ஆதரிக்கவில்லை. அடுத்த தலைமுறை 2022இல் கியூடா 12 வந்தபோது முற்றிலும் விலக்கப்பட்டது. 2025இல் வந்த கியூடா 13 மேலும் மூன்று தலைமுறைகளை நீக்கியது. மையச் செயலியும் இதற்கு விலக்கன்று. 2018இல் வெளியான டென்சர்ஃப்ளோ 1.6 முதல், ஆயத்தமாகத் தொகுத்து வழங்கப்படும் கோப்புகள் ஏவிஎக்ஸ் என்னும் கட்டளைத் தொகுதியை எதிர்பார்க்கின்றன. அத்தொகுதி இல்லாத பழைய செயலியில் நிரல் தொடங்கவே தொடங்காது.

உத்தமபாளையத்திலோ போடிநாயக்கனூரிலோ இருந்து முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஒரு நடுகல்லின் முப்பரிமாண வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு புதிய வாசிப்பொன்றை ஓர் ஆய்விதழ் வெளியிடுகிறது. கல் அவருக்கு அண்மையில் உள்ளது. ஒளிப்படக் கருவியும் கையில் உள்ளது. எனினும் துறையின் பத்தாண்டுப் பழைமையான கணினியில் அம்மென்பொருள் இயங்காது. எனவே அவ்வாசிப்பை அவர் நம்பலாம், அல்லது நம்பாமல் விடலாம். ஆய்ந்து மறுக்க இயலாது.

இதனை வசதிக் குறைவாக மட்டும் கருதுவது பொருந்தாது. தமிழ்ப் பிராமியில் எழுத்தின் பக்கத்தே வரும் ஒரு சிறு கோடு, எழுத்துமுறையைப் பொறுத்து, குறிலையும் நெடிலையும் அல்லது மெய்யையும் உயிர்மெய்யையும் வேறுபடுத்துகிறது. ஐராவதம் மகாதேவன் இம்முறைகளை வகைப்படுத்திக் காட்டியுள்ளார். மேற்பரப்பை மென்மையாக்கும் ஓர் அமைப்பு மென்பொருளில் சற்றே கூடினால் அக்கோடு மறையலாம். குறைந்தால் கல்லின் இயல்பான கீறல் கோடாகத் தோன்றலாம். ஆகவே கணிப்பின் அமைப்புகளும் பாடபேதத்துக்குக் காரணமாகின்றன. ஏடு பெயர்த்தெழுதியோரின் பிழைகளை ஆராயும் நாம், மென்பொருளின் பிழைகளையும் ஆராயும் நிலையில் இருத்தல் வேண்டும்.

புதிய அட்டை வாங்கினால் தீராதா எனக் கேட்கலாம். பொருத்துவாய் ஏற்றுக்கொண்டாலும், பழைய கணினியின் மின்வழங்கி புதிய அட்டைக்குரிய மின்திறனையும் இணைப்புகளையும் தராமல் போகலாம். தாய்ப்பலகையின் அடிப்படை மென்பொருள் அதனை அறியாமலும் இருக்கலாம். நடுவண் அரசு 2024 மார்ச்சில் ஒப்புதல் அளித்த இந்தியா ஏஐ இயக்கம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வரைகலைச் செயலிகளைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொணர்வதை நோக்கமாகக் கொண்டது. அத்தகைய பொது வளங்களைத் தமிழ்த்துறைகள் கேட்டுப் பெற வேண்டும். ஆயினும் தொலைவிலுள்ள வளம் ஒன்றை மட்டுமே நம்பி ஒரு துறையின் சரிபார்ப்பு முறையை அமைப்பது அறிவுடைமை அன்று.

ஆதலின் நம் ஆய்விதழ்கள் மூன்று நெறிகளை ஏற்பது நலம். முதலாவது, கணிப்புவழி வாசிப்பை முன்வைக்கும் கட்டுரை, அட்டையின் பெயர், இயக்கி, மென்பொருள் பதிப்பு, பயன்படுத்திய அமைப்புகள் ஆகியவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். இரண்டாவது, இறுதி வடிவத்துடன் மூல ஒளிப்படங்களையும் நிறுவனக் காப்பகத்தில் வைக்க வேண்டும். மூன்றாவது, வரைகலை அட்டை இன்றியும் இயங்கும் வழியொன்றில் அதே முடிவு கிட்டுகிறதா எனக் காட்ட வேண்டும். ஓப்பன்எம்விஎஸ் மையச் செயலியிலேயே செறிவான மேற்பரப்பை உருவாக்கும். மெட்டாஷேப்பும் அட்டையின்றி இயங்கும். ஒரு மணி நேரப் பணி ஓரிரு நாள் ஆகலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த கல்லுக்கு அது நீண்ட காலமன்று.

துறைகளும் தம் பங்கை ஆற்ற வேண்டும். பழைய அட்டைக்கு ஒத்துவரும் இயக்கியையும் மென்பொருள் பதிப்பையும் அழியாமல் சேமித்து வைத்தல், புதிய பதிப்புக்கு மாறுமுன் அட்டையின் தலைமுறையை ஒப்பிட்டுப் பார்த்தல் ஆகியவை செலவற்ற பணிகள். மைப்படியைக் கைவிடாமல் முப்பரிமாணப் பதிவுடன் சேர்த்து எடுப்பதும் இன்றியமையாதது.

கருவி புதிதாவது வரவேற்கத்தக்கதே. ஆயினும் புலிமான்கோம்பைக் கல்லின் வாசிப்பை அம்மாவட்டத்து மாணவர் தம் துறைக் கணினியில் மீண்டும் செய்து பார்க்க இயலாதெனில், அவ்வாசிப்பு நிறுவப்பட்டதாகாது; அறிவிக்கப்பட்டதாகவே நிற்கும்.