போலீஸ் எடுக்கும் ரத்த மாதிரி: வழக்கு முடிந்தால் அதுவும் முடிந்துவிடுமா?

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருப்பது 2022 டிசம்பரில் தெரியவந்தது. வழக்கை விசாரித்த சிபிசிஐடி, நீதிமன்ற அனுமதியோடு 31 பேரிடம் டி.என்.ஏ. பரிசோதனைக்கு ரத்த மாதிரி எடுத்தது. அந்தத் தண்ணீரால் பாதிக்கப்பட்ட ஊர்க்காரர்களும் அவர்களில் அடக்கம். பாதிக்கப்பட்ட எங்களையே சந்தேகிப்பதா என்று சிலர் முதலில் மறுத்தனர். கடைசியில் எவருடைய மாதிரியும் பொருந்தவில்லை. 2025 ஜனவரியில் வேறு ஆதாரங்களைக் காட்டி அதே சமூகத்தினர் மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை.

அந்த வழக்கை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் ஒரு வழக்குக்காகக் கொடுத்த ரத்தம் அந்த வழக்கோடு முடிந்துவிடுகிறதா என்பது நம் எல்லோருக்குமான கேள்வி.

2022 ஆகஸ்ட் 4 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம், கைரேகை, கருவிழிப் பதிவோடு உயிரியல் மாதிரிகளையும் எடுக்க அனுமதிக்கிறது. தண்டனை பெற்றவர் மட்டுமல்ல, கைதானவரும் இதில் வருவார். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் யாராக இருந்தாலும் கொடுத்தாக வேண்டும். பதிவுகளைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம்.

கைரேகை ஒருவரோடு நிற்கும். டி.என்.ஏ. அப்படியல்ல. அண்ணன் கொடுத்த மாதிரி தம்பியையும் காட்டிக்கொடுக்கும், அத்தா கொடுத்தது பிள்ளைகளையும் காட்டும். ஒருவரிடம் எடுத்தால் குடும்பமே பதிவாகிறது. அந்தக் குடும்பத்திடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

எடுத்த நோக்கம் மாறிப்போவதும் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் புகாருக்காகக் கொடுத்த டி.என்.ஏ.வை வைத்தே, பின்னாளில் ஒரு சொத்துக் குற்ற வழக்கில் அவரைக் கைது செய்தது போலீஸ். 2022இல் இது வெளியே வந்தது. இப்படி நடந்தால் அடுத்த பெண் புகார் கொடுக்க வருவாரா?

டி.என்.ஏ. வேண்டாம் என்பதல்ல நம் வாதம். குற்றவாளியைப் பிடிக்கவும் நிரபராதியை விடுவிக்கவும் அது உதவுகிறது. ஆனால் கையாளும் முறை சரியாக இருக்க வேண்டும். தேனி மாவட்ட இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. டி.என்.ஏ. மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டி, நாடு முழுமைக்கும் வழிமுறைகளையும் வகுத்தது.

டி.என்.ஏ. தகவல் வங்கிகளுக்கும் அவற்றைக் கண்காணிக்கும் வாரியத்துக்கும் வழிசெய்ய 2019இல் ஒரு மசோதா வந்தது. தலித்துகள், முஸ்லிம்கள், ஆதிவாசிகள் குறிவைக்கப்படலாம் என்று நாடாளுமன்றக் குழுவில் அசதுத்தீன் ஒவைசியும் பினோய் விஸ்வமும் எதிர்ப்பைப் பதிவு செய்தனர். 2023 ஜூலையில் மசோதாவை அரசு திரும்பப் பெற்றது. மாதிரி எடுக்கும் அதிகாரம் இருக்கிறது. தனிக் கண்காணிப்பு வாரியம்தான் இல்லை.

மேச்சேரியில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் இரண்டு விஷயங்களை வீட்டில் சொல்லி வையுங்கள். பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றம், அல்லது ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை தரக்கூடிய குற்றம் தவிர மற்றவற்றில், கைதானவர் உயிரியல் மாதிரி தர மறுக்கலாம். முன்பு தண்டனை பெறாதவர் மேல்முறையீடுகளும் முடிந்து விடுதலையானால், நீதிமன்றம் காரணம் எழுதி வேறுவிதமாக உத்தரவிடாதவரை, பதிவை அழித்தாக வேண்டும். அதற்கான கோரிக்கையை மாநில அரசு நியமித்த அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம்.

கேட்டால்தான் அழிப்போம் என்ற நிலை மாற வேண்டும். விடுதலையான அன்றே பதிவும் தானாக அழிய வேண்டும். நம் எம்.பி.க்களிடமும் எம்.எல்.ஏ.க்களிடமும் ஜமாஅத்துகள் இதைக் கோரிக்கையாக வைக்கலாம்.