இல்லக் கணக்கு: பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கலாமா?



இம்மாதம் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று ஆம்பூரைச் சேர்ந்த ஒரு சகோதரி எழுதியது. அவருடைய கணவர் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கராகப் பணியாற்றுகிறார். பத்தாண்டுகளாக ஒரே 100 சிசி வண்டியில் நாள்தோறும் போகவர 30 கிலோமீட்டர் சென்று வருகிறார். இந்தக் காலத்தில் தங்கையின் திருமணத்தை முடித்தார்; தந்தையாரின் கடனையும் அடைத்தார். இப்போது 350 சிசி குரூசர் வண்டி ஒன்று வாங்க விரும்புகிறார். எல்லாச் செலவும் சேர்த்து 2,30,000 ரூபாய் என்று விற்பனை நிலையத்தார் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். பழைய வண்டியை விற்றால் 30,000 கிடைக்கும். வீட்டுக் கூரையைச் செப்பனிடச் சேர்த்து வைத்த 50,000 இருக்கிறது. எஞ்சிய 1,50,000 ரூபாயைத் தவணைக் கடனாகப் பெறலாம் என்பது அவருடைய எண்ணம்.

"இவ்வளவு காலமும் அவர் தமக்கென்று ஒன்றையும் கேட்டதில்லை. மறுக்க எனக்கு மனம் வரவில்லை. இசையவும் அச்சமாக இருக்கிறது. எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகன், மூன்று வயதில் ஒரு மகள். என்ன சொல்வது?" என்று கேட்கிறார் சகோதரி.

இதனை வெறும் ஆடம்பர ஆசை என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பத்தாண்டுகள் பிறருக்காக உழைத்த ஒருவர், தம் மனத்துக்கு உகந்த ஒரு பொருளை விரும்புவது இயல்பே. எனவே அந்த வண்டி எத்தகையது, அது இந்த இல்லத்துக்குப் பொருந்துமா, அதற்கான பணம் எவ்வழியில் வருகிறது என்பவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம்.

குரூசர் என்பது நெடுந்தூரப் பயணத்துக்கென அமைந்த வண்டி. இருக்கை தாழ்ந்திருக்கும், கால்கள் முன்னோக்கி நீண்டிருக்கும், கைப்பிடி ஓட்டுபவரை நோக்கி வளைந்து வந்திருக்கும். நம் நாட்டில் 2001ஆம் ஆண்டில் பஜாஜ் நிறுவனத்தின் எலிமினேட்டரும், 2002ஆம் ஆண்டில் ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்டும் இவ்வகையைப் பரவலாக அறிமுகம் செய்தன. 1955ஆம் ஆண்டு முதல் சென்னையில் புல்லட் வண்டிகளை உருவாக்கி வரும் அதே நிறுவனம், 2020 நவம்பரில் தண்டர்பேர்டுக்கு மாற்றாக மீட்டியார் 350 வண்டியை வெளியிட்டது. இன்று நடுத்தரக் குரூசர் என்றதும் பலருடைய நினைவுக்கு வருவது அதுவே. ஆதலால் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மீட்டியாரின் எடை 191 கிலோ. நம் தெருக்களில் மிகுதியாகக் காணப்படும் ஹீரோ ஸ்பிளெண்டரின் எடை 112 கிலோ. வேறுபாடு 79 கிலோ. அதாவது வளர்ந்த ஆள் ஒருவரின் எடை. சாலையில் ஓடும்போது இந்த எடை வண்டிக்கு நிலைத்தன்மை தருகிறது. எதிர்க்காற்றும் கனரக வாகனங்கள் கடக்கும்போது எழும் காற்றும் அதனை எளிதில் அசைப்பதில்லை. ஆனால் வீட்டு வாசலில் நிலைமை வேறு. காலையில் திண்ணையோரச் சரிவில் இறக்கி, குறுகிய சந்தில் திருப்பி, இரவில் மீண்டும் ஏற்ற வேண்டும். இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளமும் ஸ்பிளெண்டரில் 1,236 மில்லிமீட்டர், மீட்டியாரில் 1,400. ஒரே வீச்சில் திரும்பிய சந்தில் இனி இருமுறை முன்னும் பின்னும் தள்ள நேரலாம். இருக்கை 765 மில்லிமீட்டர் உயரமே என்பதால் இரு பாதங்களும் தரையில் நன்கு ஊன்றும். இது ஒரு வசதி. எனினும் வண்டி ஒருமுறை சாய்ந்துவிட்டால் தனியொருவர் நிமிர்த்துவது எளிதன்று.

உடலமைப்பையும் கருத வேண்டும். சாதாரண வண்டியில் மேடு பள்ளம் வரும்போது நாம் கால்களை ஊன்றிச் சற்றே எழுந்துகொள்கிறோம். கால்கள் முன்னே நீண்டிருக்கும் குரூசரில் அவ்வாறு எழுவது கடினம். அதிர்ச்சி இடுப்புக்கும் முதுகுத் தண்டுக்கும் நேரே செல்லும். நல்ல நெடுஞ்சாலையில் சுகமாகத் தோன்றும் அதே இருக்கை, வேகத்தடைகள் நிறைந்த ஊர்ச்சாலையில் வலி தரக்கூடும். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் ஒருவர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பாதுகாப்பில் பெரிய வண்டிக்குச் சிறப்பு உண்டு. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்திலும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்குவதை அது தடுக்கிறது. மழைக்காலத்தில் இதன் பயன் பெரிது. ஆனால் கியருள்ள மோட்டார் சைக்கிளுக்கு நம்மிடம் இருக்கும் உரிமமே 350 சிசி வண்டிக்கும் போதுமானது. புதிதாக ஒரு தேர்வு கிடையாது. எனவே அந்த எடையை அடக்கிப் பழகும் பொறுப்பு முழுவதும் ஓட்டுபவரையே சேரும்.

இனி, பின்னால் அமர்பவரைப் பற்றி. வண்டி வாங்கும்போது பெரும்பாலும் எவரும் கேட்காத கருத்து இவருடையதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆவது பிரிவின்படி ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவர் மட்டுமே அமரலாம். வண்டி 100 சிசியாயினும் 350 சிசியாயினும் இந்த எண்ணிக்கை மாறுவதில்லை. நால்வர் கொண்ட ஒரு குடும்பம் 2,30,000 ரூபாய் செலவிட்டும் ஓர் இருக்கைகூடக் கூடுதலாகப் பெறப்போவதில்லை. நான்கு வயது நிரம்பாத குழந்தையை ஏற்றிச் செல்வதானால், குழந்தையை ஓட்டுநருடன் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் அதற்கேற்ற தலைக்கவசமும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி இது.

புர்காவோ சேலையோ அணிந்து பின்னால் அமரும் பெண்கள், சக்கரத்தில் துணி சிக்கும் ஆபத்தை என்றும் மறக்கலாகாது. பின்சக்கரத்தில் பாதியையேனும் மறைக்கும் காப்பும், கைப்பிடியும், கால்வைப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆவது விதி கூறுகிறது. தோற்றத்துக்குப் பொருந்தவில்லை என்று சிலர் இந்தச் சேலைக் காப்பைக் கழற்றிவிடுகின்றனர். அது உயிரோடு விளையாடும் செயல். விற்பனை நிலையத்துக்குச் சகோதரியும் உடன் சென்று, வழக்கமாக உடுத்தும் உடையிலேயே பின்னால் அமர்ந்து பார்க்க வேண்டும். ஏறவும் இறங்கவும் எளிதாயிருக்கிறதா, கால்கள் நன்கு ஊன்றுகின்றனவா என்பதை அவர்தாம் சொல்ல முடியும்.

அடுத்து மாதச் செலவு. நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் வீதம் 26 வேலை நாட்களுக்கு 780 கிலோமீட்டர். பழைய வண்டி லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தருவதாகக் கொண்டால் 13 லிட்டர் தேவை. பெரிய வண்டி 35 தருவதாகக் கொண்டால் 22 லிட்டருக்குச் சற்று மேல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் ஏறத்தாழ 900 ரூபாய் கூடுகிறது. காப்பீடும் உயரும். 2022 ஜூன் மாதக் கட்டண அறிவிப்பின்படி மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 75 முதல் 150 சிசி வரை ஆண்டுக்கு 714 ரூபாய். 150 முதல் 350 சிசி வரை 1,366 ரூபாய். புதிய வண்டிக்கு ஐந்தாண்டுக் காப்பீட்டை ஒருசேரச் செலுத்த வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது உண்மையே. அதற்கு மேற்பட்டவற்றுக்கு அது 40 விழுக்காடாயிற்று. வரி குறைந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் தேவையில்லாத பொருளை அது தேவையானதாக மாற்றிவிடாது.

கடைசியாக, தவணைக் கடன். வட்டி நமக்கு விலக்கப்பட்டது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. கணக்கையாவது பார்ப்போம். 1,50,000 ரூபாயை, குறைந்துவரும் நிலுவைக்கு 12 விழுக்காடு வட்டியில் 36 மாதங்களில் அடைப்பதானால், மாதத் தவணை ஏறத்தாழ 4,980 ரூபாய். வட்டி மட்டும் 29,000 ரூபாய்க்கு மேல். அதே 12 விழுக்காட்டை, அடைத்த பணத்தைக் கழிக்காமல் முழுத் தொகைக்கும் கணக்கிட்டால் வட்டி 54,000 ரூபாய் ஆகிவிடும். விழுக்காடு ஒன்றே, கணக்கிடும் முறையினால் மட்டும் தொகை இவ்வளவு வேறுபடுகிறது. "மாதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்போருக்கு இது புலப்படுவதில்லை.

ஆகவே சகோதரிக்கும் அவருடைய கணவருக்கும் நாம் கூறும் ஆலோசனை இது: வண்டியை வாங்குவதற்கு முன்பே அதன் தவணையைக் கட்டத் தொடங்குங்கள். தவணைக்கு 5,000, கூடுதல் பெட்ரோலுக்கும் பராமரிப்புக்கும் 1,000 என மாதம் 6,000 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே தனியே எடுத்து வையுங்கள். கூரைப் பணம் கூரைக்கே செல்லட்டும். மழை நம் வசதிக்காகக் காத்திராது. ஆறு மாதங்களில் இந்தத் தொகையைத் தொடாமல் இருக்க முடியவில்லையெனில், கடன் வாங்கியிருந்தாலும் அதனைத் தடுமாறியே அடைத்திருப்பீர்கள் என்பது தெளிவாகும். அப்போது இழப்பு ஏதுமில்லை. சேர்ந்த பணம் கையில் இருக்கும். இடையூறின்றிச் சேர்ந்து வந்தால், 36 மாதங்களில் 2,16,000 ரூபாய் வட்டியின்றி உங்களுடையது. பழைய வண்டியின் விலையும் அதனுடன் சேரும். விலை சற்று ஏறியிருந்தாலும் பெரும்பகுதி கையில் இருக்கும். மகளுக்கும் அப்போது ஆறு வயதாகியிருக்கும்.

இதற்கிடையே, ஒரு விடுமுறை நாளில் அத்தகைய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏலகிரி வரை சென்று வரட்டும். நெடுஞ்சாலையின் சுகத்தையும், மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த எடையையும் அவர் ஒரே நாளில் அறிந்துகொள்வார். மறுநாள் அதே வண்டியைத் தம் தெருச் சந்தில் திருப்பியும் பார்க்கட்டும்.

சகோதரியே, உங்கள் அச்சத்தை மௌனத்தில் மறைக்க வேண்டாம். அவருடைய ஆசையை அலட்சியம் செய்யவும் வேண்டாம். இந்தக் கணக்கை இருவரும் ஒரே தாளில் எழுதுங்கள். அந்தத் தாளின் தலைப்பில் அவர் விரும்பும் வண்டியின் பெயரையே எழுதி வையுங்கள். மாதந்தோறும் சேரும் தொகையை இருவரும் சேர்ந்தே அதில் குறித்து வாருங்கள்.