லாரி டிரைவருக்கு ஓய்வு எங்கே?

ஆரல்வாய்மொழியைக் கடந்து களியக்காவிளை வழியே கேரளம் செல்லும் கல், மணல் லாரிகளைக் குமரி மாவட்ட மக்கள் இரவெல்லாம் காண்கிறார்கள். விபத்து நேர்ந்தால் “டிரைவர் தூங்கிவிட்டான்” என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அவரைத் தூங்கவிடாதவர் யார்? நாம் கேட்கிறோம்.

1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் இடையே அரை மணி ஓய்வு, ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே 9 மணி நேர ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை என்று விதித்தது. ஆனால் ஐந்து தொழிலாளிகளுக்குக் குறைந்த நிறுவனங்களை அது தொடவில்லை. அதற்குப் பதிலாக 2020-ல் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டமோ அந்த வரம்பைப் பத்தாக உயர்த்திவிட்டது! ஒன்றிரண்டு லாரி வைத்திருப்போரிடம் வேலை செய்பவருக்கு என்ன பாதுகாப்பு?

நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும்வரை, தூங்கும் நேரமெல்லாம் கூலி வெட்டுத்தான். பத்துப் பேர் என்ற வரம்பை நீக்குக! மாதச் சம்பளம் வழங்குக! சாலையோரம் ஓய்விடம் அமைத்திடுக! டிரைவர்களும் கிளீனர்களும் சங்கத்தில் திரண்டால் இவை கைகூடும். இது அவர்கள் பிரச்னை மட்டுமல்ல. சாலையில் செல்லும் ஒவ்வொருவரின் உயிர்ப் பிரச்னை.