ஒரே ஒரு வண்டி

பத்திரிகைகளில் "நாம்" என்று எழுதுகிறவர் பெரும்பாலும் ஒரே ஆசாமியாகத்தான் இருப்பார். தன்னந்தனியாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் ஒரு பெரிய சேனையே நிற்பது போல் "நாம் கருதுகிறோம்" என்று எழுதிவிடுவார். இந்த வாரம் அந்தக் குற்றச்சாட்டுக்கு இடமில்லை. நாம் மெய்யாகவே இரண்டு பேர். தம்பதிகளாக மைசூரிலிருந்து உதகமண்டலம் வரையில் மோட்டாரில் பிரயாணம் செய்துவிட்டு வந்திருக்கிறோம். வண்டியை ஓட்டியவள் வீட்டு அம்மாள். பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி ஓட்டுகிறவளை ஓட்டிக்கொண்டு வந்தது, இந்தப் பேனாவைப் பிடித்திருக்கும் மற்றப் பாதி.

மசினகுடி வழியாகப் போனால் தூரம் சுமார் 125 கிலோமீட்டர். இதற்குள் மைசூர்ச் சமவெளி, பந்திப்பூர்க் காடு, முதுமலைக் காடு, சீகூர் முட்புதர்ப் பூமி, நீலகிரி மலை எல்லாம் அடக்கம். அரை நாளில் இத்தனை விதமான உலகங்களைக் காட்டும் பாதைகள் நமது தேசத்தில் அதிகம் இரா.

இறங்கிய தடைக்கட்டை

மைசூரில் புறப்படும்போதே தாமதமாகிவிட்டது. அதற்குக் காரணம் பட்டுப் புடவைக் கடையா, மைசூர்பாகுக் கடையா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. குண்டலுப்பேட்டையைத் தாண்டி வனத்துறைச் சாவடியை அடைந்தபோது மணி ஒன்பதே கால். தடைக்கட்டை இறங்கியிருந்தது.

பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரையில் வண்டிகள் போகக்கூடாது என்ற தடை 2009-ஆம் ஆண்டில் வந்தது. 2010-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நோயாளிகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கும், அனுமதி பெற்ற சில பஸ்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. இதெல்லாம் நமக்குத் தெரியாத சங்கதியல்ல. ஆனால், சட்டம் பிறருக்காக ஏற்பட்டது, விலக்கு நமக்காக ஏற்பட்டது என்று நினைப்பது படித்தவர்களிடம் உள்ள பழக்கம். பேனாப் பாதி வண்டியை விட்டு இறங்கி, காவலரிடம் வாதாடத் தொடங்கியது.

"கால் மணி நேரந்தானே ஐயா பிந்திவிட்டது? ஒரே ஒரு வண்டி! ஒரு வண்டி போவதால் காடு குடிமுழுகிப் போய்விடுமா?"

காவலர் கோபித்துக்கொள்ளவில்லை. கன்னடம் கலந்த தமிழில், "கொஞ்சம் பின்னால் திரும்பிப் பாருங்கள், ஸ்வாமி!" என்றார்.

திரும்பிப் பார்த்தோம். நமக்குப் பின்னால் ஏழு வண்டிகளின் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன.

"அவர்கள் எல்லோரும் ஒரே ஒரு வண்டிதான்" என்றார் காவலர்.

அம்மாள் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பினாள்.

குண்டலுப்பேட்டையில் ஒரு விடுதியில் இடம் கிடைத்தது. சத்தம் போடுவதில் மிகவும் சுறுசுறுப்பாகவும், காற்று வீசுவதில் மிகவும் சிக்கனமாகவும் இருந்த ஒரு மின்விசிறியின் கீழே படுத்துக்கொண்டு, பேனாப் பாதி நள்ளிரவு வரையில் புலம்பிற்று.

"நம் வீட்டு வாசலில் ராத்திரி முழுவதும் லாரிகள் போனால் நீங்கள் எத்தனை மனு எழுதுவீர்கள்?" என்று கேட்டாள் அம்மாள்.

"பத்தாவது எழுதுவேன்."

"யானைக்கு மனு எழுதத் தெரியாது. தூங்குங்கள்."

பாட்டி வழி மறித்தாள்

காலை ஆறு மணிக்குத் தடைக்கட்டை உயர்ந்தது. முந்தின நாள் பெய்த கோடை மழையில் சாலை கழுவி விட்டாற்போல் இருந்தது. இருபுறமும் இளம்புல் தளிர்த்திருந்தது. புள்ளிமான்கள் கூட்டங் கூட்டமாக மேய்ந்தன. மரத்தின் மேல் கருமுக மந்திகள் இலைகளைக் கடித்துப் பாதியைக் கீழே போட, மான்கள் அவற்றைத் தின்றன. மேலே இருக்கும் மந்தி புலியைக் கண்டால் குரல் கொடுக்கும். கீழே இருக்கும் மான் மோப்பம் பிடித்தால் எச்சரிக்கும். ஒப்பந்தப் பத்திரம், ரிஜிஸ்டர் ஒன்றுமில்லாமலே இந்தக் கூட்டு வியாபாரம் நடந்து வருகிறது.

ஒரு திருப்பத்தில் அம்மாள் சட்டென்று வண்டியை நிறுத்தி, இயந்திரத்தையும் அணைத்தாள். சுமார் நூறு அடிக்கு அப்பால் யானைக் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. எல்லாம் பெண் யானைகள், கன்றுகள். யானைக் குலத்தில் கூட்டத்தை நடத்துவது வயது முதிர்ந்த பெண் யானைதான். வளர்ந்த ஆண் யானைகள் பெரும்பாலும் தனித்தே திரியும். அந்தப் பாட்டி யானை நடுச்சாலையில் நின்று நம்மை நோக்கித் திரும்பியது. அதன் பின்னால் ஒரு சின்னஞ்சிறு கன்று தார்ச் சாலையில் கால் வைக்கத் தயங்கி நின்றது.

பேனாப் பாதி படம் எடுப்பதற்காகக் கைபேசியை உயர்த்திற்று. அதே சமயம் பின்னால் வந்து நின்ற யாரோ ஒரு புண்ணியவான் ஹாரனை அழுத்தினார். பாட்டியின் காதுகள் இரண்டும் விரிந்தன. துதிக்கை சுருண்டது. ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது.

"அசையாதீர்கள்" என்றாள் அம்மாள், உதடு அசையாமல்.

அந்த அரை நிமிஷத்தில் வீட்டில் விட்டு வந்த குழந்தைகள், கட்டாத இன்ஷ்யூரன்ஸ் தவணை, எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. கன்று ஓடிச் சாலையைக் கடந்தது. பாட்டி இன்னும் ஒரு கணம் நம்மைப் பார்த்தாள். பிறகு, வேலை முடிந்தது என்பது போல் திரும்பி மெதுவாக மூங்கில் புதருக்குள் போய்விட்டாள். நாம் படம் எடுக்கவில்லை.

பட்டப் பகலில், நின்றிருந்த வண்டிக்கு முன்னால், ஒரு ஹாரன் செய்த வேலை இது. இருட்டில், கண்ணைக் குருடாக்கும் விளக்கோடு, தலைதெறிக்கும் வேகத்தில் நாம் அந்தத் திருப்பத்துக்கு வந்திருந்தால்? அந்தக் கன்று தயங்கி நின்ற இடம் சாலையின் விளிம்பு. நாம் இருவரும் வெகு நேரம் பேசவில்லை.

யானை ஒன்றுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் காடு தாங்காது. ஆகவே தீனியையும் தண்ணீரையும் தேடி நடந்துகொண்டே இருக்க வேண்டும். நமக்குச் சாலை என்பது அவற்றுக்கு வீட்டுக் கூடத்தின் குறுக்கே எழுப்பிய சுவர்.

மாயாற்றுக்கு இப்பால்

பந்திப்பூர் ஒரு காலத்தில் மைசூர் மகாராஜாக்கள் வேட்டையாடிய காடு. 1973-இல் தேசம் புலிகளைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்த காடுகளில் அதுவும் ஒன்று. துப்பாக்கிச் சத்தம் கேட்ட இடத்தில் தடைக்கட்டை ஏற்பட்டது சின்ன மாறுதலல்ல. எல்லைக்கு இப்பால் முதுமலை 1940-இலேயே சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகமும் ஆயிற்று.

கக்கநல்லாச் சாவடியில், நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கென்று 2024-இல் ஏற்பட்ட இணையச் சீட்டைக் காட்டினோம். பிளாஸ்டிக் புட்டிகள் இருக்கின்றனவா என்று சோதித்தார்கள். நம்மிடம் இருந்தது அம்மாளின் எவர்சில்வர் கூஜா ஒன்றுதான். மைசூரில் அதைக் கண்டு சிரித்த பேனாப் பாதி இப்போது பெருமிதத்துடன் தூக்கிக் காட்டிற்று.

தெப்பக்காட்டில், மாயாற்றங்கரை யானை முகாமில் சற்று நின்றோம். ரகு என்ற தாயற்ற கன்றைப் பொம்மன், பெள்ளி என்னும் தம்பதிகள் வளர்த்த கதை ஆவணப் படமாகி, 2023-இல் ஆஸ்கார் பரிசு பெற்றதை நேயர்கள் அறிவார்கள். காட்டின் வழியாகப் போகும் தம்பதிகளும் உண்டு. காட்டுக்காகவே வாழும் தம்பதிகளும் உண்டு.

மசினகுடியைச் சுற்றிலும் முள்மரங்கள். இந்தச் சீகூர்ப் பகுதியில் யானைகளின் வழித்தடத்தைக் காக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறம் கல்லட்டி மலைப்பாதை; 36 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் நம்பர் பலகை இருக்கிறது. முள்மரம் மறைந்து, சோலை தெரிந்து, பிறகு வெள்ளைக்காரர் காலத்தில் வந்து குடியேறிய யூகலிப்டஸ் வாசனை வீசியது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் கம்பளியைத் தேடினோம்.

பாகப் பிரிவினை

இரவுத் தடையினால் கஷ்டமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. வயநாட்டு வியாபாரிகளும், காய்கறி லாரிக்காரர்களும் குடகு வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அவர்கள் முறையிடுவதில் நியாயம் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 24 மணி நேரத்தில் 15 மணி நமக்கு, 9 மணி காட்டுக்கு. காட்டுக்குச் சொந்தக்காரர்களுக்குச் சின்னப் பங்கு. வழிப்போக்கர்களுக்குப் பெரிய பங்கு! இதிலும் கால் மணி நேரம் கடன் கேட்டோமே!

திரும்பும்போது, கல்லட்டி இறக்கம் அபாயமானது என்று கூடலூர் வழியாக வந்தோம். சாவடியை மாலை நான்கு மணிக்கே அடைந்துவிட்டோம். மன்னிப்புக் கேட்கலாமென்று அம்மாள் வண்டியை நிறுத்தினாள். அன்றைய காவலர் அங்கே இல்லை. வேறு ஒருவர் இருந்தார். அவர் தமிழ்ப் பத்திரிகை படிப்பாரோ, மாட்டாரோ, தெரியாது. இருந்தாலும், நேரில் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறோம்: ஐயா, நாங்கள் எட்டாவது வண்டி.