‘ஆளில்லா’ என்னும் பொய்யடைமொழி

ஆளில்லா விமானம், ஆளில்லா ஊர்தி, ஆளில்லாப் போர். பாதுகாப்பு ஆய்வுக் கருத்தரங்குகளின் அழைப்பிதழ்களிலும் நிதி கோரும் ஆய்வு முன்மொழிவுகளிலும் இந்த அடைமொழி கேள்வியின்றிப் புழங்குகிறது. நடக்கும் ரோபோவும் பறக்கும் டிரோனும் வந்துவிட்டால் களத்தில் மனிதனுக்கு வேலை இருக்காது, ஆகவே சாவும் இருக்காது என்ற வாக்குறுதி அதற்குள் ஒளிந்திருக்கிறது. இலக்கணப்படி ‘இல்லா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எங்கே இல்லை, யாருடைய ஆள் இல்லை, அந்த ஆள் வேறெங்கே போனான் என்ற மூன்று கேள்விகளுக்கும் அது விடை சொல்வதில்லை. அப்படி விடை சொல்லாமல் தப்பிக்க வசதி செய்து தருவதாலேயே அது இவ்வளவு விரும்பப்படுகிறது. இந்த இயந்திரங்கள் போரில் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை நேர்மையாக அளக்க விரும்புவோர் இந்த மூன்று கேள்விகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அளவெடுப்பைப் பட்டான்செருவிலேயே தொடங்கலாம். ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில், 1972இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் ஆய்வு நிறுவனத்தின் வயல்களில் சோளத்தையும் கம்பையும் துவரையையும் ஆராய டிரோன்கள் பறக்கின்றன. அதே நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் கந்தியில் ஐஐடி ஹைதராபாத். அங்கே தானியங்கி ஊர்திகளையும் டிரோன்களையும் சோதிப்பதற்கான ‘டிஹான்’ களம் 2022 ஜூலையில் திறக்கப்பட்டது. எத்துமைலாரத்தில், 1984இல் நிறுவப்பட்ட மேதக் படைத்தளவாடத் தொழிற்சாலை ‘சரத்’ கவச ஊர்திகளைக் கட்டுகிறது. பானூரில் பாரத் டைனமிக்ஸ் நிறுவனத்தின் ஆலை டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளைச் செய்கிறது. வயல், ஆய்வகம், ஆயுத ஆலை மூன்றும் ஒரே வட்டாரத்தில் நெருங்கி நிற்கும் இடம் இது. எதிர்காலப் போரைப் பற்றிய பேச்சு இங்கே பொழுதுபோக்கு இல்லை. மாணவர்களின் வேலைவாய்ப்பும் ஆய்வு நிதியும் அதனோடு கட்டப்பட்டிருக்கின்றன.

முதலில் பானூரின் ஏவுகணைகளைப் பார்க்கலாம். மிலன், கான்கர்ஸ் ஆகிய இரண்டும் கம்பிவழிக் கட்டுப்பாடு கொண்டவை. ஏவப்பட்டதும் ஏவுகணை தன் பின்னால் மெல்லிய கம்பியை அவிழ்த்துக்கொண்டே பறக்கும். மிலனுக்குச் சுமார் 2 கிலோமீட்டர், கான்கர்ஸுக்குச் சுமார் 4 கிலோமீட்டர். இலக்கைத் தொடும்வரை வீரன் தன் கண்ணைக் குறிநோக்கியிலிருந்து எடுக்க முடியாது. பனிப்போர்க் காலத்தின் இந்த ஏற்பாடு காலாவதியாகிவிட்டது என்று சொன்னவர்கள் பலர். ஆனால் உக்ரைன் போரில் இன்று நிகழ்வது என்ன? வானொலி அலைகளைத் தடுக்கும் ஜாமர்கள் டிரோன்களைக் குருடாக்கத் தொடங்கியதும், இரு தரப்பும் டிரோனின் வாலில் கண்ணாடி இழையைக் கட்டிப் பறக்கவிட்டன. பத்து, இருபது கிலோமீட்டர் நீளும் அந்த இழையின் ஒரு முனையில் டிரோன். மறுமுனையில் பதுங்குகுழிக்குள் ஓர் ஆள். வயல்களும் மரக்கிளைகளும் அறுந்த இழைகளால் சிலந்தி வலைபோல் மூடிக் கிடக்கின்றன. மிகப் புதிய ஆயுதம் மிகப் பழைய கம்பியிடம் திரும்பி வந்திருக்கிறது. ‘ஆளில்லா’ என்ற அடைமொழிக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

மறுப்புகள் இன்னும் உண்டு. உக்ரைன் 2024இல் ‘ஆளில்லா அமைப்புகளின் படை’ என்ற தனிப் படைப்பிரிவையே உருவாக்கியது. ஆளில்லாதவற்றை இயக்க ஆட்களால் ஆன ஒரு படை! 2025 ஜூன் 1 அன்று ரஷ்ய வான்தளங்களைத் தாக்கிய ‘சிலந்தி வலை’ நடவடிக்கையில் 117 டிரோன்கள் பயன்பட்டன என்றும் அதே எண்ணிக்கையில் இயக்குநர்கள் இருந்தார்கள் என்றும் அந்நாட்டு அதிபரே அறிவித்தார். திட்டமிட ஒன்றரை ஆண்டு, கடத்திச் செல்ல லாரிகள், லாரிகளுக்கு ஓட்டுநர்கள். ஆள் குறையவில்லை, ஆள் இடம் மாறினான். பேட்டரி ஏற்றுபவன், இறக்கை மாற்றுபவன், வெடிபொருள் பொருத்துபவன், திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்தவன் என்று ஒரு வேலைப்பட்டியலே ஒவ்வொரு டிரோனின் பின்னாலும் நீள்கிறது. தமிழில் ‘ஆள்’ என்ற சொல் வேலையாளையும் குறிக்கும். அந்தப் பொருளில் பார்த்தால், ஆளில்லா இயந்திரம் என ஒன்று இதுவரை போர்க்களத்துக்கு வந்ததே இல்லை.

இந்தியாவின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2024 ஆகஸ்டில் ரஜௌரிப் பகுதியில் பறந்த ராணுவத்தின் சிறு டிரோன் ஒன்று கோளாறால் கட்டுப்பாட்டை இழந்து எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிப் போனது. அதைத் திருப்பிக் கேட்க இறுதியில் ஹாட்லைன் வழியே மனிதருக்கு மனிதர்தான் செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. 2025 மே 8 இரவு, 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 டிரோன்கள் பாகிஸ்தானிலிருந்து வந்தன என்று இந்திய அரசு தெரிவித்தது. அவற்றை எதிர்கொள்வதில் ஏவுகணைகளோடு எல்-70, ஷில்கா போன்ற கடந்த நூற்றாண்டுத் துப்பாக்கிகளும் பங்கேற்றன. மேம்படுத்தப்பட்டவை என்றாலும் அவற்றின் பின்னால் குண்டு நிரப்பவும் குறிபார்க்கவும் வீரர்கள் இருந்தார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில், சீன உதிரிபாகங்கள் இருந்ததைக் காரணம் காட்டி 400 டிரோன்களுக்கான ஒப்பந்தங்களை அரசு ரத்து செய்தது. ஆக, இயந்திரத்தின் கட்டுப்பாடு பறக்கவிடுபவனிடம் மட்டும் இல்லை. அதன் சுற்றுப்பலகையையும் மோட்டாரையும் செய்தவனிடமும் இருக்கக்கூடும்.

இவ்வளவையும் சொல்வதால் டிரோன் பயனற்றது என்று பொருளாகாது. சில நூறு டாலர் விலையுள்ள ஒரு சிறு டிரோன் பல கோடி மதிப்புள்ள டாங்கியை முடக்குவது கண்கூடு. அதை மறுப்பவர் போரைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறார். ஆனால் அந்த வெற்றிக்குக் காரணம் அதன் அறிவோ தன்னியக்கமோ இல்லை. அது மலிவானது, இழந்தால் வருந்த வேண்டியதில்லை, நூறில் பல வீணானாலும் மீதி போதும். டிரோனைப் போர்வீரனின் மாற்றாக நினைப்பது தவறு. அது குறிபார்த்துத் திரும்பத் தெரிந்த வெடிகுண்டு. வெடிகுண்டின் பொருளாதாரம்தான் அதன் பொருளாதாரம்.

நடக்கும் ரோபோவுக்கு அந்தப் பொருளாதாரம் பொருந்தாது. அங்கேதான் கற்பனை அதிகமாகவும் கணக்குக் குறைவாகவும் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை, பாஸ்டன் டைனமிக்ஸ் உருவாக்கிய நான்குகால் சுமைதூக்கி ரோபோவைச் சோதித்தது. சுமார் 180 கிலோ சுமக்க வடிவமைக்கப்பட்ட அந்த இயந்திரம் 2015இல் கைவிடப்பட்டது. அதன் எஞ்சின் போட்ட சத்தம் படை இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்ததே காரணம். சத்தத்தைக் குறைக்க மின்மோட்டாருக்கு மாறினால் சுமை குறைகிறது. 2025 ஜனவரியில் புணேயில் நடந்த ராணுவ நாள் அணிவகுப்பில் ‘சஞ்சய்’ என்ற பெயரோடு நடந்துவந்த நான்குகால் ரோபோக்கள் சுமக்கக்கூடியது சுமார் 15 கிலோ. இமயமலைச் சாவடிகளுக்குப் பொருள் சுமக்கும் உண்மையான கோவேறு கழுதை எழுபது கிலோ சுமக்கும், வழியில் புல் தின்னும், மென்பொருள் கேட்காது. ரோபோவுக்கு ஆங்கிலத்தில் ‘மியூல்’ என்று பெயர் சூட்டியவர்கள் கழுதையோடு போட்டியிட வைத்தார்களே தவிர, கழுதையைக் கேட்டுப் பார்க்கவில்லை.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. சக்கரத்தில் நிற்கும் ஊர்தி நிற்பதற்கு ஆற்றல் செலவிடுவதில்லை. மடங்கிய காலில் நிற்கும் ரோபோவின் மோட்டார்கள், அது அசையாமல் நின்றாலும் எடையைத் தாங்க உழைத்துக்கொண்டே இருக்கின்றன. லித்தியம் பேட்டரி கிலோவுக்குச் சுமார் 250 வாட்-மணி ஆற்றல் தருகிறது. டீசலில் ஏறத்தாழ 12,000 வாட்-மணி இருக்கிறது. எஞ்சினின் இழப்பைக் கழித்தாலும் இடைவெளி பத்து மடங்குக்கு மேல். குளிரில் பேட்டரியின் கொள்ளளவு மேலும் சுருங்குகிறது. 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 விழுக்காடுதான் என்பதால் டிரோனின் தூக்குதிறனும் அங்கே குறைகிறது. இந்தியா இந்த இயந்திரங்களை எங்கே பயன்படுத்த விரும்புகிறதோ, அந்தப் பனிமலைகளிலேயே அவை மிகவும் தளர்கின்றன.

எதிர்வாதம் ஒன்று உண்டு. 2024 டிசம்பரில் கார்கிவ் பகுதியில் உக்ரைன் படை தரை ரோபோக்களையும் டிரோன்களையும் மட்டுமே முன்னே அனுப்பி ஒரு தாக்குதலை நடத்தியதாக அறிவித்ததைச் சுட்டிக்காட்டுகிறார்கள். சரி, ஆனால் அந்தப் போரில் தரையில் உழைக்கும் ரோபோக்களில் பெரும்பான்மை சக்கரத்திலும் சங்கிலிப் பட்டையிலும் ஓடுபவை. குண்டு சுமப்பதும் காயம்பட்டவரை இழுத்துவருவதும் கண்ணி புதைப்பதும் அவற்றின் வேலை. கரடுமுரடான நிலத்துக்கான விடை நாற்பது ஆண்டுகளாக எத்துமைலாரத்திலிருந்து வெளிவந்துகொண்டிருக்கிறது. சங்கிலிப் பட்டையில் ஓடும் சரத், மூவர் குழுவோடு ஏழு வீரர்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றையும் நீந்திக் கடக்கும். காலுக்கு மிஞ்சுவது படிக்கட்டும் இடிபாடும்தான்.

இடிபாடு பட்டான்செருவுக்கு வெளியே தேட வேண்டிய ஒன்றா? 2025 ஜூன் 30 அன்று பாசமைலாரம் தொழிற்பேட்டையில் ஒரு மருந்துப்பொருள் ஆலை வெடித்துச் சிதறியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். பலர் வெளிமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சிலரின் உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. மரபணுச் சோதனைக்காகக் குடும்பங்கள் காத்துக்கிடந்தன. நச்சுப்புகையும் தொங்கும் கூரையும் உள்ள இடத்தில் நான்கு காலில் ஏறி, வளிமத்தை அளந்து, உள்ளே யார் எங்கே என்று பார்த்துச் சொல்லும் இயந்திரத்துக்குத்தான் உண்மையான தேவை. அங்கே எதிரியின் ஜாமர் இல்லை, எதிரியின் டிரோன் இல்லை, இரண்டு மணிநேர பேட்டரியும் போதும். தொழில்நுட்பம் தகுதிபெறும் இடத்தில் அதற்கு வாங்குபவர் இல்லை. தகுதிபெறாத இடத்தில் அணிவகுப்பு நடக்கிறது. இந்த முரணைப் பற்றிப் பேசாத ரோபோவியல் கருத்தரங்கு எதைப் பற்றிப் பேசுகிறது?

இன்னொரு எதிர்வாதம் செயற்கை அறிவின் பெயரால் வருகிறது. இழையும் வேண்டாம், அலையும் வேண்டாம், இயந்திரமே முடிவெடுக்கும் என்கிறார்கள். பூட்டப்பட்ட இலக்கைக் கடைசிச் சில நூறு மீட்டர் பின்தொடர இன்றைய மென்பொருளால் முடியும். ஆனால் யாரை இலக்காகப் பூட்டுவது என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைத் தமிழர்கள் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வன்னியில் இலங்கை வான்படையின் வேவு டிரோன் தலைக்குமேல் சுற்றியபோது மக்கள் அதை ‘வண்டு’ என்றார்கள். செய்தி அறிக்கைகள் ‘ஆளில்லா வேவு விமானம்’ என்றன. இரண்டு பெயர்களும் ஒரே பொருளைக் குறித்தாலும் நிற்கும் இடம் வேறு. ஒன்று மேலே விமானியின் இருக்கையைப் பார்த்து அது காலியாக இருக்கிறது என்கிறது. மற்றொன்று கீழே பதுங்குகுழியில் குழந்தையை அணைத்துக்கொண்டு காதால் கேட்டு வைத்த பெயர். வண்டின் இரைச்சலுக்குப் பின் எறிகணை வரும் என்று அறிந்தவர்களுக்கு அந்த இயந்திரத்தில் ஆள் இல்லை என்ற எண்ணமே தோன்றியிருக்காது. எங்கோ ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதுதான் அந்த ஒலியின் பொருள். ‘ஆளில்லா’ என்ற அடைமொழி உடைமையாளனின் பார்வையிலிருந்து மட்டுமே உண்மை. கீழே ஆள் இருக்கிறார், எப்போதும்.

பெயரெச்சத்தில் தொலைந்த ஆளோடு பொறுப்பும் தொலைகிறது. தன்னியக்கக் கொலையாயுதங்கள் எழுப்பும் சிக்கல்களை ஆராயக் கோரும் தீர்மானம் ஒன்று 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் வந்தபோது 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த 4 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இதற்கு உரிய மன்றம் ஜெனீவாவில் ஏற்கெனவே இருக்கிறது என்பது இந்தியத் தரப்பின் வாதம். அந்த வாதத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அதை விவாதிக்க வேண்டிய பல்கலைக்கழகங்கள் வாய்திறக்காமல் முன்மாதிரிகளுக்கு மட்டும் நிதி கேட்பது அறிவுத்துறையின் கடமைதவறல்.

ஆகவே நடக்கும் ரோபோ, பறக்கும் டிரோன் எதைப் பற்றிய ஆய்வேடும் முன்மொழிவும் வந்தாலும், மதிப்பீட்டுக் குழுக்கள் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேட்கட்டும். ஒன்றை இயக்கவும் பழுதுபார்க்கவும் எத்தனை ஆட்கள் வேண்டும்? முழுச் சுமையோடு, குளிரில், எத்தனை மணிநேரம் உழைக்கும்? தொடர்பு அறுந்தால் என்ன செய்யும்? உதிரிபாகம் எந்த நாட்டிலிருந்து வருகிறது? தவறான ஒருவரைக் கொன்றால் எந்தப் பதவியில் இருப்பவர் பதில் சொல்வார்? ஐந்தாவது கேள்விக்கு ஒரு பதவியின் பெயரை எழுத முடியாத திட்டத்துக்குப் பொதுப்பணத்தில் ஒரு ரூபாயும் தரக்கூடாது. மொழித்துறைகளும் தங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம்: கலைச்சொல் பட்டியல்களில் ‘ஆளில்லா’ என்பதை நீக்கிவிட்டுத் ‘தொலை இயக்க’ என்று எழுதலாம். தொலைவில் இருந்தாலும், இயக்குபவன் இருக்கிறான்.