மலையைப் படமெடுப்போர் மலையின் பெயரை மறப்பதோ?

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு வட்டத்தில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூர் ஒடுகத்தூர். மலையினின்று இறங்கும் உத்திரகாவிரி அவ்வூர்வழிச் சென்று அகரம்சேரியருகே பாலாற்றில் கலக்கின்றது. மழை ஓய்ந்து முன்பனி தொடங்கும் நாள்களில் விடுமுறை வந்துவிட்டால் போதும். விடியுமுன்பே இளைஞர் சிறுசிறு கூட்டமாக அங்கே வந்திறங்கித் தோளில் ஒளிப்படக் கருவியும் கையில் நீர்க்குடுவையுமாக மலைநோக்கி நடக்கின்றனர். மாலையில் திரும்புங்கால் ஒவ்வொருவரிடமும் நூறு படம், இருநூறு படம். இரவுக்குள் அவை கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, சென்னை, கோவை என்று சுற்றி, கடல்கடந்த தமிழரையும் எட்டிவிடுகின்றன.

நல்ல வழக்கமே இது. நாற்சுவருக்குள் அடைபட்டுத் திரையையே வெறித்துக் கிடப்பதினும், கால்நோக நடந்து ஒரு குன்றேறி மூச்சுவாங்க நிற்பது ஆயிரம் மடங்கு மேலானது. அதனைக் குறைகூறுவார் குன்றேறி அறியாதார். வருந்தத்தக்கது வேறொன்று, அப்படங்களைச் சுற்றி நடைபெறும் பேச்சு. ‘சூப்பர் வியூ’ என்கிறார் ஒருவர். ‘நேச்சர் நேச்சர்தான்’ என்கிறார் மற்றொருவர். மூன்றாமவர் எந்தக் கருவி, எந்த வில்லை, ஒளி புகுந்த பொழுது எவ்வளவு என்று வினவுகிறார். அதற்குமட்டும் விடை விரைந்து வருகின்றது. படத்தின் நடுவில் ஓங்கி நிற்கும் அக்குன்றுக்கு என்ன பெயர், அதன் சரிவில் பச்சைப் பாய் விரித்தாற்போல் தெரிவது காடா கொல்லையா, கொல்லையெனில் அது யாருடையது, அதில் விளைவது சாமையா வேறொன்றா என்று கேட்பாரும் இல்லை. கேட்டால் சொல்வாரும் இல்லை. பெற்ற மகனின் படத்தை ஊரெல்லாம் காட்டி மகிழும் ஒருவர், அவன் பெயர் என்ன என்று கேட்டவுடன் விழிப்பாரானால் அவரை என்னென்பது?

படத்துக்கு இட்ட பெயரிலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது. ‘புகைப்படம்’ என்று எழுதும் கை இன்னும் ஓயவில்லை. புகைக்கும் இதற்கும் என்ன உறவு? ஒளியால் வரைவது என்பதுதானே கிரேக்க வேர்கொண்ட அவ்வயற்சொல்லுக்கும் பொருள்? ஒளிப்படம் என்னும் நேரிய சொல் தமிழில் வழங்கிவரும்போது புகையைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? ஒடுகத்தூரைத் தொட்டுச்செல்லும் ஆற்றின் பெயரும் இத்தகையதே. ‘உத்தரம்’ வடசொல், வடக்கு என்பது பொருள். வடகாவிரி என்றால் நீர் வற்றிவிடுமா என்ன? ஆயினும் ஆற்றுக்கு அப்பெயராவது எஞ்சியிருக்கிறது. அதில் வந்து விழும் ஓடைகளுக்கு, படமெடுப்போர் ஏட்டில் அதுவும் இல்லை.

தாம் நடந்த வழியில் கண்ட நிலக்காட்சியைப் பிறர்க்குப் பகிர்ந்தளிப்பது தமிழர்க்குப் புதுவதன்று. அதற்கென்றே ஓர் இலக்கிய வகை கண்டவர் தமிழர்; ஆற்றுப்படை என்பது வேறென்ன? அவ்வகையுள் நிலக்காட்சியால் மிகச் செழித்தது மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்றது. 583 அடிகளையுடைய அப்பாட்டைப் பாடிய பெருங்கௌசிகனார், நன்னன் சேய் நன்னனிடம் பரிசில்பெறச் செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டுகிறார். நன்னனின் ஊராகிய செங்கண்மா இன்றைய செங்கம். சவ்வாது மலையின் தென்புறத்து ஊர். அப்பாட்டில் வரும் சேயாறு பிறப்பதும் இம்மலையிலேதான். ஒடுகத்தூரில் ஏறுவோர் வடபுறத்தில் ஏறுகின்றனர், அவ்வளவே வேறுபாடு.

அப்புலவர் காட்டும் மலை வெறும் அழகுக் குவியலா? விலங்கு பிடிக்கத் தோண்டிய குழி எங்குண்டு, பாம்பு எவ்விடத்தே கிடக்கும், தினைப்புனங் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது, எந்த வழி வழுக்கும், கவர்வழிகளில் பெயரும் பீடும் பொறித்து நிற்கும் நடுகல்லை எவ்வாறு போற்றிச் செல்வது, எந்தக் குடியிருப்பில் எந்த உணவு கிட்டும் என்று ஒவ்வொன்றையும் சொல்லி அழைத்துச் செல்கிறார். மலையில் எழும் ஓசைகளை மட்டுமே ஒரு நீண்ட வரிசையாக அடுக்குகிறார். மலையை யானையாகக் கொண்டு, அதனிடத்துப் பிறக்கும் ஓசையைக் கடாமாக உரைத்ததனால் அன்றோ பாட்டுக்கு அப்பெயர் வந்தது! அது பகிர்வு. கேட்டவன் மறுநாளே புறப்பட்டு அவ்வழியில் நடக்கலாம். நடந்து உயிரோடு ஊர் சேரலாம். இன்றைய இருநூறு படங்களையும் ஒருசேரப் பார்த்தவன் ஒடுகத்தூருக்கு அப்பால் ஓர் அடி எடுத்துவைக்க இயலுமா? அவன் கண்டதெல்லாம் பனி, ஒளி, நீல நிறம். இவற்றை எந்த நாட்டு மலையிலும் காணலாம்.

படத்தைப் பற்றிப் பேசுவதற்கு உரைகல் ஒன்று வேண்டுமென்போர் தொல்காப்பியத்தைப் புரட்டட்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறார் ஆசிரியர். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பனவெல்லாம் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் ஒருங்கு நின்றாலன்றி நிலக்காட்சி நிறைவதில்லை என்பது தமிழர் கண்ட முடிபு. மேலைநாட்டார் நிலக்காட்சி ஓவியத்தைத் தனிக்கலையாக வளர்ப்பதற்குப் பல நூற்றாண்டு முற்பட்ட முடிபு அது! இவ்வளவையும் ஒரே சட்டத்துக்குள் திணிக்கவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. எது உள்ளது, எது விடுபட்டது என்று கேட்டுப் பார்க்கும் பேச்சாவது நிகழவேண்டாவா? ‘இந்தப் படத்தில் பொழுது தெரிகிறது, மரம் தெரிகிறது, தொழில் எங்கே?’ என்று ஒரு நண்பன் கேட்டுவிட்டால், எடுத்தவன் அடுத்தமுறை மலையேறும்போது அவன் கண் வேறாகிவிடும்.

பொழுதைப் பற்றிய பேச்சில் ஒரு வியப்பான செய்தியும் உண்டு. குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம். படமெடுப்போர் கூட்டம் விடியலையும் அந்தியையுமே நாடுகின்றது. யாமத்தில் கருவியை உறைக்குள் இட்டுவிடுகின்றது. ஆனால் இதே சவ்வாது மலையில் யாமத்தில் மட்டுமே படமெடுப்போரும் இருந்தனர், இருக்கின்றனர். காவலூர் வானாய்வு நிலையத்தாரே அவர்கள். 1986இல் அங்கே 2.34 மீட்டர் விட்டமுடைய பெருந்தொலைநோக்கி இயங்கத் தொடங்கிற்று. 1988இல் அந்நிலையத்தார் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தனர். இன்று அதன் எண் 4130, பெயர் இராமானுசன். குடந்தையில் வளர்ந்து கணக்கியலால் உலகை வியக்கவைத்த அதே இராமானுசன் பெயர்தான். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத, ஆளில்லாத, புல்லில்லாத ஒரு கற்பாறைக்கு எண்ணிட்டு, பெயரிட்டு, அது செல்லும் வழியையும் கணித்துவைத்தனர் மலையின்மேல் இருந்தோர். அம்மலையின் அடியில் கண்ணெதிரே நிற்கும் குன்றுக்குப் பெயர் கேட்க மறந்தனர் மற்றையோர்.

இனி, உரிப்பொருள், அஃதாவது மாந்தர். இவ்விடத்தில்தான் மிகப் பெருங்குறை. ஆங்கிலேயரின் சென்னை மாகாண அரசு, 1850களில் இலினேயசு திரைப் என்னும் படைத்தலைவரை ஒளிப்படம் எடுப்பதற்கென்றே அமர்த்திற்று. மதுரை, தஞ்சை, திருவரங்கம் முதலிய ஊர்களில் 1858இல் அவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. அவற்றில் ஆள்நடமாட்டம் அரிது. காரணம் எளிது. அந்நாளைக் கருவியில் ஒரு படம் பதிய நெடும்பொழுது வேண்டும். நடந்து செல்பவன் பதியமாட்டான். அது கருவியின் குறை. இன்றைய கருவி நொடியின் ஆயிரத்திலொரு கூற்றில் பறக்கும் குருவியைப் பிடிக்கிறது. ஆனால் விறகுக்கட்டோடு எதிரே வரும் கிழவி சட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் ‘சற்று ஒதுங்கும்மா’ என்கிறான் இளைஞன். மின்கம்பம் தெரிந்தால் அழிக்கிறான். ஓட்டுவீடு தெரிந்தால் வெட்டுகிறான். திரைப் அவர்களின் கருவியால் இயலாமற்போனதை இவன் இயன்றும் வேண்டாவென்று விடுகிறான்.

மக்களை வெட்டிய மலைப்படம் பொய்ப்படம். இது கடுஞ்சொல்லாகத் தோன்றலாம். 2023ஆம் ஆண்டு மே திங்களில், இதே அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலைப்பகுதியில் அத்திமரத்துக்கொல்லை என்னும் சிற்றூரில், ஒன்றரை அகவைப் பெண்குழந்தை ஒன்றைப் பாம்பு தீண்டிற்று. ஊருக்கு நல்ல சாலையில்லை. மருத்துவமனை சேருமுன்பே உயிர் பிரிந்தது. உடலை ஏற்றிவந்த மருத்துவ ஊர்தி மலைப்பாதையில் மேற்செல்ல இயலாமல் நின்றுவிடவே, தாய் தன் மகவின் உடலைக் கைகளில் ஏந்தி ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் மலையேறி நடந்தாள். செய்தி நாடெங்கும் பரவிய பின்னரே சாலை பற்றிய பேச்சு உரத்து எழுந்தது. அத்தகைய பாதைகள்தாம் பொழுதுபோக்கு நடையாளர் படங்களில் ‘தவழும் மேகத்தினூடே வளைந்து செல்லும் பாதை’ என்று வருகின்றன. பாதை அழகியதுதான், ஐயமில்லை. அது சாலையாகாமல் கிடப்பது ஏன் என்று அப்படங்களின்கீழ் ஒருவரேனும் கேட்டிருந்தால், செய்தி வெளியே வர ஒரு குழந்தையின் இறப்பு வேண்டியிருக்குமா?

அந்தச் சிற்றூரின் பெயரை மீண்டும் சொல்லிப் பாருங்கள்: அத்திமரத்துக்கொல்லை. மரமும் நிலமும் தொழிலும் ஒரே சொல்லில்! மலைக்கு அப்புறம் நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு, புதூர் நாடு என்று மலைமக்கள் தம் பகுதிகளை இன்றும் நாடு என்றே வழங்குகின்றனர். பீஞ்சமந்தை என்பது மற்றோர் ஊர். அரசு ஏட்டில் ‘மலையாளி’ என்று பதிவுபெற்ற அம்மக்கள் சேரநாட்டு மலையாளியர் அல்லர். தமிழ் பேசும் மலைக்குடியினர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்பது அவர்களிடை வழங்கும் மரபு. நடையாளர் தேடவேண்டிய பெயர்க் களஞ்சியம் அவர்களிடம் இருக்கின்றது. ஒரு பாறைக்கு ஒரு பெயர், ஒரு சுனைக்கு ஒரு பெயர், மாடு இறங்கும் சரிவுக்கு ஒரு பெயர். அவை அகரமுதலிகளில் ஏறாதவை. முதியோர் ஒருவர் மறையும்போது அவரோடு சேர்ந்து மறைபவை. எந்தக் கல்வெட்டிலும் அவற்றைப் பின்னர்த் தேடிப் பெற இயலாது.

‘இடத்தின் பெயரைச் சொன்னால் கூட்டம் வந்து குவிந்துவிடும், குடித்துப் புட்டிகளை உடைத்துவிட்டுப் போவார்கள், ஆகையால்தான் மறைக்கிறோம்’ என்பார் சிலர். இதில் உண்மை உண்டு, தள்ளிவிட இயலாது. சந்தனமரம் நிற்கும் இடத்தையும் பறவை கூடுகட்டிய கிளையையும் ஊரறியப் பறைசாற்றுதல் கேடே. சந்தனக் களவால் இம்மலை பட்ட பாடு பெரிது. ஆயின் வழியை மறைப்பது வேறு, பெயரை மறைப்பது வேறு. வழி சொல்லாமலே பெயர் சொல்லலாம். இது சாமைக்கொல்லை, இது இன்னாருடைய மூதாதையர் திருத்திய நிலம், இந்தக் கல் நடுகல் என்று சொல்லலாம். மறைப்போரில் பெரும்பாலார் கருதி மறைப்பவரல்லர், அறியாமையை மறைப்பவர்.

நடுகல் என்றதும் ஒன்று நினைவுகூரத் தக்கது. தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை வெளியிட்டது. அதிலுள்ள கற்களில் பல அதற்குமுன் வயல்வரப்பிலும் புதரிலும் கிடந்தவை. நல்ல ஒளியில், எழுத்துத் தெரியுமாறு எடுத்த படமொன்று கல்வெட்டறிந்தார் கைக்குப் போய்ச் சேர்ந்தால் அதன் பயன் எத்தகையது என்று நடையாளர் எண்ணிப் பார்க்கட்டும். அதே கல்லின்மேல் சாய்ந்துநின்று தன்னைத்தானே எடுத்துக்கொள்ளும் படமும் உண்டு. அதைப்பற்றி எழுதாமல் விடுவதே பெருந்தன்மை.

மா. கிருட்டிணன் என்று ஒருவர் வாழ்ந்தார் (1912–1996). புதின ஆசிரியர் மாதவையாவின் மகன். காடுகளில் அலைந்து, கறுப்பு வெள்ளையிலேயே விலங்குகளைப் படமெடுத்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். ஓர் ஆங்கில நாளிதழில் 1950 தொடங்கி இறக்கும்வரை இயற்கை பற்றிய பத்தியை விடாது எழுதிவந்தார். அவர் கருவி, பல பகுதிகளைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்டது. இன்றைய பிள்ளைகளின் கைப்பேசியோடு ஒப்பிட்டால் அது சுமைதான். ஆனால் அவர் படமெடுத்த விலங்கின் பெயரும் உணவும் நடையும் அவருக்குத் தெரிந்திருந்தன. படத்தோடு எழுத்தும் நடந்தது.

ஒடுகத்தூருக்கு அடுத்த விடுமுறையில் வந்திறங்குவோர் செய்யக்கூடியது அரிதான வேலையன்று. சென்றமுறை எடுத்த படங்களில் பத்தைத் தாளில் அச்சிட்டு உடன்கொண்டு ஏறட்டும். வழியில் மாடு மேய்க்கும் பெரியவரிடமும், சாமை தூற்றும் பெண்டிரிடமும், மலைப்பள்ளி ஆசிரியரிடமும் காட்டட்டும். ‘ஐயா, இந்த மேட்டை என்னவென்று சொல்வீர்கள்? அம்மா, இது என்ன மரம்?’ என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லைச் சொன்னபடியே, நகர்ப்புறத் திருத்தம் செய்யாமல், படத்தின் பின்புறத்தில் எழுதட்டும். எழுதியபின் அந்தப் படத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டு வரட்டும்; தன் கொல்லையின் படத்தைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டிவைக்க விரும்பாதவர் அம்மலையில் எவரும் இரார்.